தாடி வளத்த சலூன்காரரும் நான் பிழையாய்க் குடுத்த கடிதமும்

றிலீவ் போஸ்ற்மாஸ்ரர் உத்தியோகம் எண்டால், ஊரூராய்ப் போய் முன்பின் தெரியாத ஆக்களிட்டத் தலையைக் குடுக்கிற உத்தியோகம்.

ஒரு தபால் கந்தோரில போஸ்ற்மாஸ்ரருக்குக் காய்ச்சல் எண்டால் அங்க ரெண்டு கிழமை. இன்னொரு கந்தோரில ஆளின்ர மகளுக்குக் கலியாணம் எண்டால் அங்க பத்து நாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறவேண்டியதுதான். எழுபதுகளில மன்னார்ப் பக்கம் முழுக்க நான் இப்பிடித்தான் திரிஞ்சனான். சாப்பிடக் கடை இருக்கும், படுக்கக் கந்தோரின்ர பின்னறை இருக்கும். தலைமயிர் மட்டும் ஊர் மாறினது தெரியாமல் தன்ர பாட்டுக்கு வளரும். வெளியூரில சலூன் கதிரையில ஏறியிருந்து, கழுத்தில துணியைக் கட்டினாப் பிறகு 'ஐயோ, தெரியாத்தனமாய் ஏறிட்டனே' எண்டு முழிசின ஆக்கள் உங்களிலயும் இருப்பியள். உங்களுக்குத்தான் இந்த மூண்டு கதையையும் எழுதுறன். முதல் ரெண்டும் சும்மா சிரிக்க. மற்றது சிரிப்பில்லை. அதில ஒரு தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவில நான் செய்த பிழை ஒண்டு இருக்கு. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

முருங்கன் சந்தியில ஒரு அவசரம்

முருங்கனில பஸ் நிக்கிற இடத்துக்குப் பக்கத்திலயே சலூன். திங்கட்கிழமை விடியக் காலமை, கந்தோர் திறக்க முதல் முகத்தை வழிச்சுக்கொண்டு போவமெண்டு ஏறி இருந்தன். சவர்க்கார நுரையை முகம் முழுக்கப் பூசியாச்சு. அந்த நேரம் பாத்து மன்னார் பஸ் வந்து நிண்டது. ட்றைவர் இறங்கி நேரை உள்ளுக்கு வந்தார். சலூன்காரர் என்ர தோளில மெல்லத் தட்டி, "குறை நினையாதேங்கோ மாஸ்ரர், நீங்கள் பிந்தினால் ஒரு கந்தோர்தான் பிந்தும், இவர் பிந்தினால் மன்னார் வரைக்கும் பிந்தும்" எண்டு என்னை வாங்கிலுக்கு மாத்திப்போட்டு ட்றைவரைக் கதிரையில ஏத்தினார். நியாயம்தானே, என்ன சொல்லுறது? நுரையோட வாங்கிலில இருந்தன்.

பஸ்ஸுக்குள்ள இருந்த சனம் முழுக்க ஜன்னலால எட்டிப் பாத்துக்கொண்டிருந்தது. ஒருத்தர் மீசை சரிவு எண்டார். இன்னொருத்தர் கிருதாவை இன்னும் ஏத்தி வெட்டச் சொன்னார். ட்றைவர் எல்லாத்துக்கும் தலையாட்ட, சலூன்காரர் எல்லாத்தையும் செய்துகொண்டிருந்தார். நேரம் போகப் போக முன்சீற்றில மடியில கோழியோட இருந்த ஒரு கிழவிக்குப் பொறுமை போட்டுது. ஜன்னலால கையை நீட்டிக் கத்தினா: "எடேய், கெதியாய் வழிச்சு விடடா! நான் ஆஸ்பத்திரிக்குப் போறன், அவனென்ன பொம்பிளை பாக்கவே போறான்?"

உயிலங்குளத்துக் கண்ணாடி

உயிலங்குளத்தில சலூனுக்குச் சுவர் கிடையாது. குளக்கட்டடியில ஒரு மருதமரம், ஒரு கதிரை, மரத்தில ஒரு கண்ணாடி. அவ்வளவுதான். வெட்டுறவர் காலமையில கமக்காரன், பின்னேரத்தில சலூன்காரர். கதிரைக்குப் பின்னால அவற்ற வயல், நெல்லுக் குடலை தள்ளிக் கதிர் வாற பருவம்.

நான் இருந்தன், அவர் வெட்டத் தொடங்கினார். கை நல்ல பதம். ஆனால் கண்ணாடியைப் பாத்தால் எனக்கு என்ர காது மட்டும்தான் தெரியுது, மிச்சமெல்லாம் பச்சைப் பசேலெண்டு வயல். அவரும் என்ர தலையை ஒருக்கால் பாத்தால் கண்ணாடியை மூண்டு தரம் பாக்கிறார். திடீரெண்டு "ஏய்! ஹேய்!" எண்டு கத்திக்கொண்டு, கத்தரிக்கோலையும் கையோட கொண்டு வயலுக்குள்ள ஓடிட்டார். ரெண்டு நாம்பன் மாடு இறங்கிட்டுது. நான் ஒரு பக்கம் வெட்டினபடி, கழுத்தில துணியோட கால் மணித்தியாலம் இருந்தன். திரும்பி வந்து, கத்தரிக்கோலைச் சாரத்தில துடைச்சு, ஒண்டும் நடவாதமாதிரித் தொடங்கினார். "அண்ணை, கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் என்ர முகத்தையும் பாக்கலாமெல்லே?" எண்டு கேட்டன். மனிசன் நிதானமாய்ச் சொன்னார்: "உங்கட முகம் எங்கயும் போகாது மாஸ்ரர். மாடுதான் போகும்."

தாடிக்கார சலூன்காரர்

இனி மற்றக் கதை. மன்னார்த் தீவில, தோட்டவெளி தாண்டி ஒரு கரையோர ஊர். பேர் வேண்டாம். மாசி கடைசியில அந்த உப தபால் கந்தோருக்கு ரெண்டு மாசத்துக்கு என்னைப் போட்டினம். ஊரில ஒரேயொரு சலூன். உள்ளுக்குப் போனால், கண்ணாடி பளபளக்குது, துணியெல்லாம் தோய்ச்சு மடிச்சிருக்கு, சவரக்கத்தி வரிசையாய் அடுக்கியிருக்கு. ஆனால் கதிரைக்குப் பக்கத்தில நெஞ்சு மட்டும் தாடியும் தோள் மட்டும் தலைமயிருமாய் ஒருத்தர் நிக்கிறார். ஆரோ முனிவர் முகம் வழிக்க வந்திருக்கிறார் எண்டு நினைச்சு, "சலூன்காரர் எங்க போட்டார்?" எண்டு அவரிட்டயே கேட்டன். "நான்தான். இருங்கோ" எண்டார். என்ர முழியைப் பாத்திட்டு வாங்கிலில இருந்த ஒரு மீன்காரர் சொன்னார்: "பயப்பிடாதேங்கோ மாஸ்ரர், அவர் தன்ரயை மட்டும்தான் வெட்டமாட்டார்!"

அவர்தான் சந்தியாப்பிள்ளை. நான் சந்தியாண்ணை எண்டு கூப்பிடுவன். ஒரு கிழமை போனாப் பிறகு, கடையில ஒருத்தரும் இல்லாத நேரம், என்ர பிடரியை மிசினால வெட்டிக்கொண்டு தானாய்ச் சொன்னார். ஒரே மகன், றெஜி, இருபது வயசு. அப்ப வந்த ஸ்ரைலுக்குத் தலைமயிரைச் சேட்டுக் கொலர் மூடுற அளவுக்கு வளத்திருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு சலூன் நிறையச் சனம். ஒருத்தர் பகிடியாய், "சலூன்காரன்ர மோனுக்குக் கத்தரிக்கோல் கிடைக்கேல்லைப் போல" எண்டிட்டார். எல்லாரும் சிரிச்சிட்டினம். சந்தியாண்ணைக்கு வந்த ரோசத்தில மகனைக் கதிரையில இருத்தி, அத்தினை பேருக்கு முன்னால, நெத்தியிலிருந்து பிடரி மட்டும் மிசினை ஓட்டிப்போட்டார். முழு மொட்டை. அடுத்த நாள் விடிய ஆள் இல்லை. போய் ஒண்டரை வருசம், ஒரு கடிதம் கிடையாது. அண்டைக்குப் பிடிச்சு மனிசி அவரோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை, சோத்தை வைச்சிட்டுப் போயிடுவா.

"அவன் திரும்பி வந்து இந்த வாசலில கால் வைக்குமட்டும் என்ர தலையில இரும்பு படாதெண்டு கோயிலில நேர்த்தி வைச்சிட்டன் மாஸ்ரர்" எண்டார். பிறகு மிசினை நிப்பாட்டிப்போட்டு, கண்ணாடியில என்னைப் பாத்துச் சொன்னார்: "அவன் திமிறியிருந்தால் நான் விட்டிருப்பன். பாவி, தலையைக் குனிஞ்சு குடுத்தவன்."

ஆறு சந்தியாப்பிள்ளை

அந்த மனிசன் ஒவ்வொரு நாளும் கேப்பார். கேள்வி ஒண்டுதான்: "ஒண்டும் வரேல்லையோ மாஸ்ரர்?" முகம் வழிக்கப் போனாலும் கேப்பார், தெருவில கண்டாலும் கேப்பார். இல்லையெண்டு சொல்லேக்க எனக்கு வாய் கூசும். நானே எழுதிக் குடுப்பமோ எண்டுகூட ஒரு நாள் விசர் யோசனை வந்தது.

அந்த ஊர் வேதக்கோயில் சந்தியோகுமையர் எண்ட புனிதரின்ர பேரில கட்டினது. அதால வீட்டுக்கு வீடு ஒரு சந்தியாப்பிள்ளை. கடிதம் வாற சந்தியாப்பிள்ளை மட்டும் ஆறு பேர். நெட்டைச் சந்தியா, மணியடிக்கிற சந்தியா, வலைச் சந்தியா, சலூன் சந்தியா எண்டு ஊருக்கு எல்லாம் விளங்கும். தபால்காரர் எழுத்தைப் பாத்தே ஆருக்கெண்டு சொல்லுவார். வந்தான் வரத்தான் எனக்கு என்ன தெரியும்? சித்திரையில, என்ர ரெண்டு மாசம் முடியிற கடைசிச் சனிக்கிழமை, தபால்காரர் மகளின்ர முதல் நன்மைப் பூசைக்கு லீவு. கடிதங்களை நானே கந்தோரில வைச்சுக் குடுத்தனான். வலைச் சந்தியா வந்து தனக்கேதும் இருக்கோ எண்டு கேட்டார். 'எஸ். சந்தியாப்பிள்ளை' எண்டு ஒரு கடிதம், கொழும்பு முத்திரை குத்தி வந்திருந்தது. தகப்பன் பேர் என்னண்டு கேட்டன். "சூசை" எண்டார். பிறகென்ன, பேர் பொருந்துதெண்டு தூக்கிக் குடுத்திட்டன். சலூன் சந்தியாவின்ர தகப்பனும் சூசையெண்டு எனக்குத் தெரியாது. நாள் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மனிசன்ர கடிதத்தை வேற ஆளின்ர கையில வைச்சிட்டு, நான் பின்னேர பஸ்ஸில சந்தோசமாய் ஏறினனான்.

புரட்டாதியில திரும்ப அதே கந்தோருக்கு றிலீவ். முதல் நாளே சலூனுக்குப் போனன். தாடி இன்னும் நாலு விரல் நீண்டிருந்தது, கேள்வி மாறேல்லை. மூண்டாம் நாள் வலைச் சந்தியா கந்தோர் வாசலில வந்து நிண்டார். தென்னல் காத்துத் தொடங்கினோடன முல்லைத்தீவுக் கரைக்கு மீன்பிடிக்க வாடி போடப் போன குடும்பம், அப்பதான் திரும்பியிருந்தது. கையில அந்தக் கடிதம். கொழும்பில இருக்கிற தங்கச்சியோட அவருக்குக் காணிச் சண்டை. கொழும்புக் கடிதமெண்டால் அவளின்ரதுதான், திறந்தால் கோவம் வருமெண்டு திறவாமலே ட்றங்குப் பெட்டிக்குள்ள போட்டு வைச்சிருக்கிறார். பெட்டியைத் துப்பரவாக்கேக்க மனிசி உடைச்சு வாசிச்சு அழுதிட்டாவாம். அவர் கோவப்படவும் இல்லை, கடிதத்தை மேசையில வைச்சிட்டுச் சொன்னார்: "என்ர பெடியள் மூண்டு பேரும் என்னோட வள்ளத்தில நிக்கிறாங்கள் மாஸ்ரர். ஆர் எனக்குக் கொழும்பிலயிருந்து அப்பா எண்டு எழுதுறது?"

பாதி முகம்

ஒளிக்காமல் சொல்லுறன். புது உறைக்குள்ள போட்டு, இண்டைக்கு வந்ததெண்டு குடுத்தால் ஆருக்குத் தெரியும் எண்டு ஒரு நினைப்பு வந்தது. உத்தியோகம் போற பயம்தான். ஆனால் உள்ளுக்கு இருக்கிற கடிதத்தின்ர தலையில அவன் சித்திரை மாசமெண்டு எழுதியிருப்பானே. அதோட, ஏற்கெனவே செய்தது காணாதோ? கடிதத்தைச் சேட்டுப் பொக்கற்றில வைச்சுக்கொண்டு சலூனுக்குப் போனன். போனோடன சொல்லத் தைரியம் வரேல்லை. வழமைபோலக் கதிரையில ஏறி இருந்திட்டன். சந்தியாண்ணை நுரை பூசி, வாரில கத்தியைத் தீட்டி, ஒரு பக்கக் கன்னத்தை வழிச்சு முடிச்சார். மற்றப் பக்கம் திரும்பேக்க கேட்டார், "ஒண்டும் வரேல்லையோ மாஸ்ரர்?"

"வந்தது அண்ணை" எண்டன். கத்தி என்ர காதடியில நிண்டது. "எப்ப?" "சித்திரையில. நான்தான் பிழையாய் வலைச் சந்தியாவிட்டக் குடுத்திட்டன். இண்டைக்குத்தான் திரும்பி வந்தது." அவர் கத்தியைத் துடைச்சு, மடிச்சு வைச்சிட்டு, கடிதத்தை வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். சத்தமாய்த்தான் வாசிச்சார், அதால எனக்கும் கேட்டது. "அன்புள்ள அப்பா, நான் சுகம். ஒரு பேக்கரியில வேலை. தலைமயிர் திரும்ப வளந்திட்டுது, கோவமும் குறைஞ்சிட்டுது. சந்தியோகுமையர் திருநாளுக்கு வரட்டோ எண்டு ஒரு வரி எழுதிப் போடுங்கோ. பதில் வராட்டி நான் வாறது உங்களுக்கு விருப்பமில்லை எண்டு விளங்கிக்கொள்ளுவன். இஞ்ச பெடியள் கப்பல் வேலைக்குப் பேர் குடுக்கிறாங்கள். நானும் குடுத்திட்டுப் போயிடுவன்." ரெண்டாந்தரமும் வாசிச்சார். திருநாள் ஆடி மாசம். நாங்கள் நிண்டது புரட்டாதியில. என்னை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும். அவர் திரும்பி, சின்னப் பிள்ளை சொல்லுறமாதிரிச் சொன்னார்: "திருநாள் போட்டுது மாஸ்ரர்."

தந்தி

அதுக்குப் பிறகு அவர் நிக்கேல்லை. விடுவிடெண்டு கந்தோர்ப் பக்கம் நடக்கத் தொடங்கினார், தந்தி குடுக்க. தந்தியை மன்னாருக்கு ரெலிபோனில சொல்லுறது நான்தானே. கழுத்தில துணி, ஒரு கன்னம் வழிச்சபடி, மற்றக் கன்னத்தில நுரை, அவருக்குப் பின்னால ஓடினன். முன்னால தாடி பறக்க ஒருத்தர், பின்னால பாதி முகத்தோட அரசாங்க உத்தியோகத்தர். கிணத்தடியில நிண்ட பெண்டுகள் வாளியை விட்டிட்டுப் பாத்தினம். ஒரு நாயும் எங்களோட சேந்து ஓடி வந்தது.

என்ன எழுத எண்டு கேட்டன். "வா. அப்பா." எண்டார், அவ்வளவுதான். நான் அதுக்குக் கீழ, 'கடிதம் இன்றே கிடைத்தது. பிழை தபால் கந்தோரில்' எண்டும் சேத்து எழுதினன். அவர் எட்டிப் பாத்து, "அதை விடுங்கோ, உங்கட உத்தியோகத்துக்குக் கரைச்சல் வரும்" எண்டார். "வரட்டும் அண்ணை, தகப்பன்தான் பதில் போடேல்லை எண்டு அவன் நினைச்சுக்கொண்டிருக்கக் கூடாது" எண்டு சொல்லி, ரெலிபோனைச் சுத்தி அப்பிடியே வாசிச்சன். 'பிழை தபால் கந்தோரில்' எண்டதை நம்பாமல் மன்னாரில இருந்தவர் ரெண்டு தரம் திருப்பிக் கேட்டார். வேலை முடிய, சந்தியாண்ணை என்ர முகத்தை அப்பதான் வடிவாய்ப் பாத்தார். நுரை காய்ஞ்சு வெடிச்சுப்போய் இருந்தது. "வாங்கோ," எண்டார், "பிழை விட்டதுக்காக ஆளை இப்பிடி விடேலாது. மற்றப் பக்கத்தையும் வழிப்பம்."

பதினொரு மணி பஸ்

ஆறு நாள் ஒரு பதிலும் இல்லை. கப்பல் ஏறிட்டானோ, எந்தக் கடலில நிக்கிறானோ? ஒரு ஆளின்ர பிள்ளையை நான் தூக்கி ஆழக்கடலில போட்டமாதிரி இருந்தது. சந்தியாண்ணை ஒவ்வொரு நாளும் பதினொரு மணி பஸ்ஸுக்குச் சலூன் வாசலில வந்து நிப்பார். பஸ் போனாப் பிறகு உள்ளுக்குப் போய்த் துடைச்ச கண்ணாடியையே திரும்பத் துடைப்பார். ஏழாம் நாள் நான் வாங்கிலில இருக்கேக்க பஸ்ஸின்ர சத்தம் கேட்டது. அவர் எழும்பேல்லை. "எனக்கு ஏலாது மாஸ்ரர், நீங்கள் பாருங்கோ" எண்டார்.

பாத்தன். பெட்டியோட ஒரு பெடியன் இறங்கினான். முகம் எனக்குத் தெரியாது. ஆனால் தலைமயிர் தோளில விழுது. "அண்ணை, வாறான்" எண்டு கத்திட்டன். சந்தியாண்ணை கதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். பெடியன் வாசலில கால் வைச்சு, தகப்பனைக் கண்டு அப்பிடியே நிண்டிட்டான். "அப்பா, இதென்ன கோலம்?" நான்தான் சொன்னன், "நேர்த்தி தம்பி. நீ வருமட்டும் வெட்டமாட்டன் எண்டு." பெடியன் பெட்டியை மெல்ல நிலத்தில வைச்சான். தந்தி அவன் முந்தித் தங்கியிருந்த அறைக்குப் போய்க் கைமாறித்தான் கிடைச்சதாம். "கப்பலுக்குப் பேர் குடுத்தனான் அப்பா. தலைமயிரை வெட்டிக்கொண்டு வந்தால்தான் ஏத்துவம் எண்டினம். மாட்டன் எண்டிட்டன்" எண்டான். சந்தியாண்ணை பெருசாய்ச் சிரிச்சார். நான் அவர் சிரிச்சு அண்டைக்குத்தான் பாத்தனான். சிரிச்சுக்கொண்டே அழுதார், நானும் அழுதன், வெக்கமில்லை.

சத்தம் கேட்டுப் பின்வீட்டிலயிருந்து மனிசி ஓடி வந்தா. மகனைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சி முடிச்சு, ரெண்டு வருசத்துக்குப் பிறகு புருசனைப் பாத்து, "இனியாவது அதில ஏறி இருங்கோவன்" எண்டா. சந்தியாண்ணை கதிரையில ஏறினார். றெஜி கையைக் கழுவி, துணியை உதறி, தகப்பன்ர கழுத்தில கட்டினான். சீப்பையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு பின்னால வந்து நிண்டு, கண்ணாடியில அவற்ற முகத்தைப் பாத்துக் கேட்டான், "எவ்வளவு எடுக்க, அப்பா?" துணிக்குள்ள அவற்ற தோள் ரெண்டும் குலுங்கினது. கண்ணாடியிலயே அவனைப் பாத்துச் சொன்னார்: "நான் அண்டைக்கு உன்னை இப்பிடி ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம் ராசா."

நான் சரியாய்க் குடுத்த கடிதங்களுக்காக ஒரு ஊரிலயும் என்னை ஆரும் நினைக்கிறேல்லை, பிழையாய்க் குடுத்த அந்த ஒண்டுக்காக அந்த ஊரில மட்டும் இண்டைக்கும் எனக்குக் கதிரை துடைச்சுப் போடுவினம்.